புதுப்பிப்பு: இரண்டு முறை மயங்கிய அப்பா ஆட்டோ ஓட்டலாமா?

ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் அப்பா இரண்டு முறை மயங்கி விழுந்தார், இனி ஓட்டவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கிளினிக்கில் டொக்டர் மெஷினை விடக் கேள்விகளைத்தான் நம்பினார். உட்கார்ந்திருந்தபோதா, எழும்பியபோதா? முதலில் கண் இருட்டியதா? நாக்கைக் கடித்தாரா? (வலிப்பா என்று பார்க்கத்தான்.) இரண்டு முறையும் விடியற்காலை, படுக்கையை விட்டு எழும்பியவுடன். படுத்திருக்கும்போது பிரஷரின் மேல் அளவு 146. எழும்பி நின்று 3 நிமிடத்துக்குள் 112! 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். ஈசிஜி, 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதியும் கருவி) இரண்டும் சரி. புதிதாகத் தொடங்கிய, பிரஷரைக் குறைக்கும் பிராசோசின் குளிசைதான் காரணமாக இருக்கும் என்று அதை மாற்றினார்.

உட்கார்ந்தபடியே, முன் அறிகுறி எதுவும் இல்லாமல் மயங்கியிருந்தால் கதையே வேறு என்றார். இப்போதைக்கு 4 வாரம் ஓட்டக்கூடாது, அப்புறம் திரும்பப் பார்ப்பார். அப்பா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். கினிகத்தேனைப் பக்க மலைப்பாதை வளைவுகளை நினைத்தால் எனக்குப் பாவமாகவே இல்லை. சாவி அம்மாவின் முந்தானையில்.