உதவி: பிராங்கென்ஸ்டைன் ப்ராஜெக்ட் – மேற்கோள் பொருந்தவில்லை, கட்டுரைகளும் திறக்கவில்லை

கடைசிபெஞ்ச்
வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. படிப்பது சின்ன ஊரில் ஒரு சுயநிதிக் கல்லூரி. நூலகத்தில் தேர்வு நோட்ஸ் நிறைய இருக்கிறது, ஆய்விதழ் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் போன்தான் கதி.

மேரி ஷெல்லியின் பிராங்கென்ஸ்டைன் நாவலில் உறவும் திருமணமும் என்று தலைப்பு எடுத்தேன். நாவலை ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் இறக்கி இரண்டு முறை படித்தேன். கோமோ ஏரிப் பக்கம் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் வளரும் அனாதைக் குழந்தை எலிசபெத், அவளைக் கதாநாயகன் விக்டரின் அம்மா எடுத்து வளர்க்கிறார் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். கைடு மேடம் சிவப்பு மையில், "சொந்த அத்தை மகளைப் போய் அனாதை என்கிறாயே, நாவலைப் படித்தாயா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி தேடிப் பார்த்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் கசின் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அத்தை என்று யாருமே இல்லை.

இரண்டாவது, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் முதல் பக்கத்தோடு பூட்டு. மூன்றாவது, சீனியர் ஒருவரின் ப்ராஜெக்டில் பிரிட்டிஷ் லைப்ரரி கட்டுரைகள் நாலைந்து இருந்தன. ஒரு லிங்க்கும் வேலை செய்யவில்லை. சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருக்கிறது.

ஈசிசேர்
ஷோத்கங்கா போங்க, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் தளம். இதே நாவலில் தீசிஸ் கிடைக்கும். எடுத்துக் கொஞ்சம் மாற்றி எழுதினால் முடிந்தது.

அரைமணிவகுப்பு
மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள், ஒப்புமைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். தீசிஸின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலுக்காக மட்டும் ஷோத்கங்கா போங்கள். அது நல்ல சுரங்கம். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிப் பிடிஎஃப் ஆக இருக்கும், நூற்பட்டியலை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நான் கல்லூரியில் இதே நாவலை நடத்துகிறவள். நீங்கள் சொல்வதும் சரி, உங்கள் மேடம் சொல்வதும் சரி. இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு நாவல்.

1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் போடாமல், மூன்று பாகங்களாக முதல் பதிப்பு வந்தது. அதில் எலிசபெத் விக்டரின் அப்பாவுடைய தங்கை மகள். அந்தத் தங்கை ஓர் இத்தாலியரைக் கட்டிக்கொண்டு போய் அங்கே இறந்துவிடுகிறார், குழந்தை தாய்மாமன் வீட்டுக்கு வருகிறது. 1831-ல் மேரி ஷெல்லியே கதையைத் திருத்தி, ஒரு முன்னுரையும் சேர்த்து, ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தார். நீங்கள் படித்த கோமோ ஏரி, குடியானவர் வீடு எல்லாம் அப்போது வந்தவை. ரத்த உறவு போய்விட்டது, கசின் என்று கூப்பிடுவது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க முன்னட்டையை நம்பாதீர்கள், 1831 பாடத்தின் மேலேயும் 1818 என்று போட்டுவிடுகிறார்கள். அத்தியாயங்களை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து 24 வரை தொடர்ந்து ஓடினால் 1831. ஒவ்வொரு பாகத்திலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி 7, 9, 7 என்று முடிந்தால் 1818. குட்டன்பர்க்கில் இரண்டும் இருக்கின்றன.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பெரியப்பா மகளும் கசின், அத்தை மகளும் கசின். நமக்கு ஒருத்தி தங்கை முறை, இன்னொருத்தி முறைப்பெண். அந்தக் காலத்து இங்கிலாந்திலும் அத்தை மகளைக் கட்டச் சட்டத் தடை இல்லை. அப்படியிருக்க, பதிமூன்று வருடம் கழித்து அந்த உறவை மேரி ஷெல்லி ஏன் அறுத்தார்? உங்கள் அத்தியாயத்தையே இந்தக் கேள்வியின் மேல் கட்டலாம். சிவப்பு மைக்கு நன்றி சொல்லுங்கள்!

கடைசிபெஞ்ச்
அக்கா, எண்ணிப் பார்த்தேன். 24! இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வழி இருக்கிறதா? போனில் மாற்றி மாற்றிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

அரைமணிவகுப்பு
பிராங்கென்ஸ்டைன் வேரியோரம் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. கையெழுத்துப் பிரதி, 1818, மேரி ஷெல்லி தன் கைப்பட மாற்றங்கள் குறித்துக் கொடுத்த ஒரு பிரதி, 1823, 1831 என்று ஐந்து பாடங்களை ஒப்பிட்டு, எங்கே மாறுகிறதோ அங்கே நிறம் போட்டுக் காட்டும். கையெழுத்தையே பார்க்க வேண்டுமானால் ஷெல்லி-காட்வின் ஆர்க்கைவ். ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்து நோட்டுப் புத்தகங்களைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கணவர் பெர்சி எங்கெல்லாம் கை வைத்தார் என்பதைத் தனியாகப் பிரித்தும் பார்க்கலாம். ப்ராஜெக்டுக்குத் தேவையோ இல்லையோ, ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து பாருங்கள்.

பழையநூலகர்
ஓய்வு பெற்ற நூலகர் நான். பூட்டு விஷயத்துக்கு வருகிறேன் அம்மா.

ஜேஸ்டோரில் கல்லூரி வழியாக நுழையாமல், உங்கள் சொந்த மின்னஞ்சலில் இலவசக் கணக்கு திறங்கள். 30 நாளுக்கு 100 கட்டுரை வரை படிக்கலாம். இதைச் சொல்ல ஆளில்லாமலே பல பிள்ளைகள் எம்.ஏ.வை முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் உங்கள் கல்லூரி நூலகரிடம் "என்-லிஸ்ட் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் திட்டம், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. கல்லூரி உறுப்பினராக இருந்தால் மாணவருக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு, வீட்டிலிருந்தே திறக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற ஆய்விதழ்த் திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரி என்பதால் உங்களுக்கு அது எட்டாது. அரசுக் கல்லூரியில் தோழி யாராவது இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இதழ்களெல்லாம் அதில் உண்டு.

கடைசிபெஞ்ச்
சார், கணக்கு திறந்துவிட்டேன். ஒரு கட்டுரை திறந்தது, டவுன்லோடு மட்டும் காசு கேட்கிறது. இன்னொன்று திறக்கவே இல்லை.

பழையநூலகர்
இலவசக் கணக்கில் திரையில் படிக்கத்தான் உரிமை, இறக்க முடியாது. குறிப்பு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பக்க எண்ணோடு. எல்லா இதழும் அந்த நூறில் சேராது. சேராத கட்டுரையின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடி, கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்துங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதி போட்டிருந்தால் அங்கே தலைகாட்டும். இல்லாவிட்டால் ஆசிரியருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். கேட்டால் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஈசிசேர்
சரி, நான் சொன்னது தப்புதான். பரிகாரமாக மூன்றாவது கேள்விக்குப் பதில்: 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி மீது சைபர் தாக்குதல் நடந்தது. மாணவர்களுக்காக அவர்கள் நடத்திய இலக்கியக் கட்டுரைப் பக்கங்களும் அதோடு போயின. உங்கள் சீனியரின் லிங்க்கை அப்படியே காப்பி செய்து பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் ஒட்டுங்கள். தாக்குதலுக்கு முந்தைய தேதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கட்டுரை வர வாய்ப்பு அதிகம். மேற்கோள் பட்டியலில் அந்த ஆவண லிங்க்கையே கொடுங்கள்.

கடைசிபெஞ்ச்
நாலு லிங்க்கில் மூன்று வந்துவிட்டது! மேடத்திடம் இரண்டு பதிப்பையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தன் புத்தகத்தைப் புரட்டி, 1818 என்று பார்த்துவிட்டு, "இதையே மூல பாடமாக வைத்துக்கொள், 1831-ஐ ஒப்பிட்டு எழுது" என்றார். இப்போது மேற்கோள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். குட்டன்பர்க்கில் பக்க எண் இல்லையே, அத்தியாய எண் மட்டும் போட்டால் போதுமா?

அரைமணிவகுப்பு
எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறைப்படி, பக்கம் இல்லாவிட்டால் அத்தியாய எண் போடலாம். போனில் தெரியும் பக்க எண்ணைப் போட்டுவிடாதீர்கள், எழுத்தைப் பெரிதாக்கினாலே மாறிவிடும். ஆனால் 1818-க்கு அத்தியாய எண் மட்டும் போதாது, மூன்று பாகத்திலும் ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறதே. பாக எண்ணையும் சேருங்கள். விக்டர் உருவாக்கிய உயிர் கண் திறக்கும் நவம்பர் இரவு உங்கள் பழைய பிரதியில் அத்தியாயம் 5. 1818-ல் அது முதல் பாகம், அத்தியாயம் 4. முதலில் அதைத் திருத்துங்கள், மேடம் அங்கேதான் பார்ப்பார்.