பெட்டி நீலமும் தொழிற்சாலை நீலமும் ஒன்றா? 43ஆம் எண் சூப்பர்பேர்டை முன்வைத்து

ஹெமி426 எழுதியது:

நேற்று நண்பர் இறக்கைக்காரன் தாம் 1/24 அளவில் (அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு) கட்டி முடித்த பிளாஸ்டிக் மாடலான, கிறைஸ்லர் நிறுவனத்தின் இறக்கை வைத்த பந்தயக் கார் பிளிமத் சூப்பர்பேர்டின் படங்களை இங்கே இட்டு, "1970இல் ரிச்சர்ட் பெட்டி ஓட்டிய 43ஆம் எண் கார். நூறு விழுக்காடு துல்லியம். கார்ப்பரேஷன் புளூ என்னும் தொழிற்சாலை நிறத்தைப் பார்த்துக் கலந்தேன், பெட்டி புளூ என்பதும் அதுவே" என்று அறிவித்திருந்தார். அதற்குக் கீழே ஒரே கைதட்டல். பசையும் பிரைமர் என்னும் அடிப்பூச்சுமாக இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் இயலவில்லை.

கார்ப்பரேஷன் புளூ என்பது கடைக்கு விற்பனைக்கு வந்த சூப்பர்பேர்டுகளுக்கு கிறைஸ்லர் வைத்திருந்த ஏழு நிறங்களுள் ஒன்று. பெட்டி புளூ என்பது வட கரோலினாவில் லெவல் கிராஸ் என்னும் ஊரில், பெட்டி குடும்பத்தாரின் சொந்தப் பட்டறையில் பிறந்த நிறம். காருக்கு அடிக்க வெள்ளையும் போதவில்லை, நீலமும் போதவில்லை, எனவே இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டார்கள் என்பது ரிச்சர்ட் பெட்டியே சொல்லிவரும் கதை. மிச்சம் மீதியில் பிறந்த நிறத்துக்குத் தொழிற்சாலைக் குறியீடு எங்கிருந்து வந்தது என்பதை நண்பர் விளக்கினால் நலம்.

இறக்கைக்காரன் எழுதியது:

ஹெமி ஐயா அவர்கள் என் கட்டுமானத்தைப் பார்த்ததற்கு நன்றி. இரண்டு மாதம் உழைத்துச் செய்த மூக்குப்பகுதியின் இணைப்புக் கோட்டைப் பற்றியோ, பக்கத்துக்கு ஒன்றாக நான் கையால் வளைத்த எக்ஸாஸ்ட் குழாய்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நிறம் மட்டுமே அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்தக் கார்ப்பரேஷன் புளூவை அன்றைய விற்பனையாளர்கள் முதல் இன்றைய சேகரிப்பாளர்கள் வரை பெட்டி புளூ என்றே அழைக்கிறார்கள். 1969இல் ஃபோர்டுக்குப் போய்விட்ட பெட்டியை மீண்டும் பிளிமத்துக்கு இழுத்துவரப் பயன்பட்ட கார் இது. அவருடைய நிறத்தை அவர் பெயரால் விற்க நினைத்தவர்கள் வேறொரு நீலத்தையா டப்பாவில் அடைத்திருப்பார்கள்? எனக்குத் தெரிந்து, சென்ற ஆண்டு இதே இடத்தில் 43ஆம் எண் காரைக் கறுப்பு வினைல் (பிளாஸ்டிக் உறை) ஒட்டிய கூரையோடு கட்டி வைத்து, "இதுவே இறுதி வடிவம்" என்று எழுதியவர் நான் அல்ல.

ஹெமி426 எழுதியது:

அந்தக் கூரையை அன்றே உரித்துவிட்டு மறுபடியும் நிறம் அடித்தேன் என்பதை இங்குள்ள பலர் அறிவார்கள். இருந்தாலும் நண்பர் கிளறிவிட்டதால் சொல்கிறேன். சூப்பர்பேர்டுக்கு அடிப்படையான பிளிமத் ரோட் ரன்னர் காரின் பின்கண்ணாடியை மாற்றி, அதைச் சுற்றித் தகடு வைத்துப் பற்றவைத்தபோது ஏற்பட்ட வடுவைத் தேய்த்துச் சீராக்க நேரமில்லாததால்தான் கடைக் கார்கள் அனைத்துக்கும் கறுப்பு வினைல் ஒட்டினார்கள். ரேஸ் கார்களில் அந்த இடம் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு உடலின் நிறமே அடிக்கப்பட்டது. ஆக, கடைக் கார் வேறு, ரேஸ் கார் வேறு. கூரையில் இதை ஒத்துக்கொள்கிறவர் நிறத்தில் மட்டும் கடைக் காரைக் கொண்டுவந்து ரேஸ் காரின் மேல் ஏன் ஊற்றுகிறார் என்பதே என் கேள்வி. பெட்டி புளூ வேறு. கார்ப்பரேஷன் புளூ வேறு.

கால்அங்குலம் எழுதியது:

நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உருவத்தைப் பற்றிப் பேசலாமா? அசல் சூப்பர்பேர்ட் ஏறத்தாழ 221 அங்குல நீளம். 1/24இல் அது 234 மில்லிமீட்டர், 1/25இல் 224.5 மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் வேறுபாடு என்பது ஏறத்தாழச் சுண்டுவிரல் நகத்தின் அகலம். 1/25 என்பது டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் விற்பனையாளர்களுக்காகச் செய்யவைத்த விளம்பரப் பொம்மைகளிலிருந்து வந்த அளவு. எனவே அமெரிக்கக் காரை அமெரிக்க அளவில் கட்ட விரும்புகிறவர் ஜோ-ஹான் நிறுவனத்தின் பழைய 1/25 கிட்டை (கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய தொகுப்பை) தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். மோனோகிராமின் 1/24 கிட்டை எடுத்த அந்த நொடியிலேயே துல்லியம் என்னும் சொல் கைவிட்டுப் போய்விடுகிறது.

இறக்கைக்காரன் எழுதியது:

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கிட்டால் வருவது 1/24. அது எப்படித் துல்லியத்துக்கு எதிரி ஆகும்? இருபத்து நான்கால் வகுத்தாலும் இருபத்தைந்தால் வகுத்தாலும் வகுத்தல் வகுத்தல்தான். கால்அங்குலம் நண்பர் எந்த விவாதத்துக்குள் வந்தாலும் ஸ்கேலை நீட்டிக்கொண்டே வருகிறார்.

புதுப்பசை எழுதியது:

அண்ணன்மார்களே, நான் புதியவன். முதல் கிட்டாக சூப்பர்பேர்டைத்தான் வாங்கியிருக்கிறேன். துல்லியம் என்று நீங்கள் சொல்வது பந்தயத்தன்று கார் இருந்த நிலையையா, பட்டறையிலிருந்து வெளிவந்த நிலையையா, இன்று மீட்டெடுத்து வைத்திருக்கும் நிலையையா? அதைத் தெளிவாக்கிக்கொண்டால் எந்த டப்பா வாங்குவது என்று எனக்குப் புரியும்.

ஹெமி426 எழுதியது:

துல்லியம் என்றால் துல்லியம், தம்பி. அதற்கு அகராதி வேண்டாம்.

இறக்கைக்காரன் என் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. "எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்" என்பது சான்று ஆகாது. ஊரில் எல்லா நகல் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்றுதான் அழைக்கிறோம். பெட்டி புளூவைப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்துக் கலப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அது அட்டைப்பெட்டி நீலம், ரிச்சர்ட் பெட்டி நீலம் அல்ல.

ஸ்பூன்சோதனை எழுதியது:

நான் செய்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் கேட்கட்டும். ஏழு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்களை எடுத்தேன். மூன்றுக்கு வெள்ளை பிரைமர், மூன்றுக்குச் சாம்பல் பிரைமர், ஒன்றை வெறுமனே விட்டுவிட்டேன். ஒரே குப்பியில் கலந்த ஒரே நீலத்தை ஏர்பிரஷில் ஏழிலும் அடித்தேன். காய்ந்த பிறகு ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, வெள்ளைக்கு மேல் அடித்தது வானத்து நீலமாகவும், சாம்பலுக்கு மேல் அடித்தது பள்ளிச் சீருடை நீலமாகவும் தெரிந்தன. மாலையில் டியூப் லைட்டின் கீழ் கொண்டுபோனால் மூன்றாவது ஸ்பூனில் ஒரு பச்சைச் சாயல் எட்டிப்பார்த்தது. நீங்கள் இருவரும் எந்த ஸ்பூனைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மேலும், சிறிய மாடலில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கருத்துத் தெரியும், எனவே வெள்ளை சேர்த்துச் சற்று வெளுக்கவைக்க வேண்டும். இதையும் இருவருமே மறந்துவிட்டீர்கள்.

ஹெமி426 எழுதியது:

அந்த வெளுக்கவைக்கும் கதையை விமான மாடல் கட்டுகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். 1/24 மாடலை ஓர் அடி தூரத்திலிருந்து பார்ப்பது, அசல் காரை 24 அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். 24 அடி தூரத்தில் நிற்கும் கார் காற்றில் மங்கி வெளுத்துப்போவதற்கு அது என்ன நீலகிரியா? சென்ற ஆண்டு நான் நடுவராக இருந்த போட்டியில் தங்களுடைய வெளிறிய கோப்ரா கார் மாடலுக்கு மதிப்பெண் குறைத்ததும் இதே காரணத்தால்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது.

ஸ்பூன்சோதனை எழுதியது:

கோபம் மதிப்பெண்ணைப் பற்றியது அல்ல. மஞ்சள் பல்பின் கீழே உட்கார்ந்துகொண்டு ஒருவர் நீலத்துக்கு மதிப்பெண் போட்டார் என்பதைப் பற்றியது.

இறக்கைக்காரன் எழுதியது:

ஹெமி ஐயா மறுபடியும் மறுபடியும் "வேறு, வேறு" என்கிறாரே தவிர, எப்படி வேறு, எவ்வளவு வேறு என்று சொல்லக் காணோம். பச்சை கூடுதலா? வெள்ளை கூடுதலா? 1970ஆம் ஆண்டு வண்ணப் புகைப்படங்களை நானும்தான் பார்த்திருக்கிறேன். ஒரே பந்தயத்தில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் கார் மயில்கழுத்து நிறத்தில் இருக்கிறது, இன்னொன்றில் துவைத்துத் துவைத்து வெளுத்த லுங்கி நிறத்தில் இருக்கிறது. பழைய ஃபிலிம் மங்கிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, அச்சிட்ட நிற அட்டையும் குறியீடும் உள்ள ஒரு தொழிற்சாலை நிறத்தைப் பிடித்துக்கொண்டது என் குற்றமா? தாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு கலக்கினீர்கள் என்பதையும் சபைக்குச் சொல்லலாமே.

ஹெமி426 எழுதியது:

நான் என் கண்ணைப் பிடித்துக்கொண்டு கலக்கினேன்.

நண்பரின் காரில் நிறம் மட்டுமே பிழை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஓட்டுநர் பக்க ஜன்னலில் மெல்லிய நூலால் அழகாக வலை பின்னி மாட்டியிருக்கிறார். கைவேலை நன்று. ஆனால் படத்தின் கீழே "பிப்ரவரி, டேடோனா 500" என்று பந்தயத்தின் பெயரை எழுதியிருக்கிறார். 1970 மே மாதம் டார்லிங்டனில் பெட்டியின் கார் உருண்டபோது அவருடைய தோளும் கையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கியதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார் ஜன்னல் வலையைக் கட்டாயமாக்கியது. அன்று அவர் ஓட்டியது சூப்பர்பேர்டும் அல்ல, இறக்கையில்லாத ரோட் ரன்னர். மே மாதத்து விபத்துக்குப் பிப்ரவரியிலேயே வலை மாட்டிய நண்பரின் முன்னறிவை மெச்சுகிறேன்.

அடுத்தது முன் ஃபெண்டர்களுக்கு மேலே அவர் ஒட்டியிருக்கும் சிவப்புப் பட்டை. எஞ்சின் எண்ணெய்ச் சேர்பொருள் விற்கும் எஸ்.டி.பி. நிறுவனம் விளம்பரதாரராகப் பெட்டியின் காருக்கு வந்தது 1972இல். கார் முழுவதையும் சிவப்பாக்க வேண்டும் என்று அதன் தலைவர் ஆண்டி கிரானடெல்லி கேட்டார். பெட்டி தம் நீலத்தை விட மறுத்தார். பேரம் பேசி, பாதி சிவப்பும் பாதி நீலமுமாக முடிந்தது. தம் நிறத்தை ஒரு பெரும் விளம்பரதாரருக்காகக்கூட விட்டுக்கொடுக்காத மனிதருக்கு, கடைக்குப் போன டப்பாவை எடுத்து ஊற்றுவது அவமரியாதை.

இறக்கைக்காரன் எழுதியது:

சிவப்புப் பட்டை அல்ல ஐயா, அது மாஸ்கிங் டேப். படம் எடுக்கும்போது உரிக்க மறந்துவிட்டேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டேப்பின் சுருக்கம் தெரியும். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள். வலையைப் பற்றி நாளை பேசுகிறேன்.

கால்அங்குலம் எழுதியது:

வலை கிடக்கட்டும். பின் இறக்கையின் தாங்கிகளைப் பாருங்கள். சூப்பர்பேர்டின் தாங்கிகள் கிறைஸ்லரின் இன்னோர் இறக்கைக் காரான டாட்ஜ் சார்ஜர் டேடோனாவினுடையவற்றைவிடப் பின்னோக்கிச் சாய்ந்தவை. மூக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிளிமத்துக்கு 1970 கொரோனெட்டின் பானெட்டையும் ஃபெண்டர்களையும் கொண்டுவந்து மாற்றியமைத்தார்கள். நண்பரின் இறக்கை டேடோனா கிட்டிலிருந்து வந்ததுபோல் நிமிர்ந்து நிற்கிறது. டிக்கி திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு உயரம் வைத்தார்கள் என்று முன்பு ஒரு முறை எழுதியவரும் இவரே.

இறக்கைக்காரன் எழுதியது:

டிக்கி திறக்கத்தானே வேண்டும்? கடையில் விற்ற காரில் பெட்டி படுக்கையை வேறு எங்கே வைப்பார்கள்?

கால்அங்குலம் எழுதியது:

கூரைக்கு மேலே செல்லும் கலங்காத காற்று இறக்கையில் பட வேண்டும் என்பதற்காக உயர்த்தினார்கள். 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா பந்தயத் தடத்தில் பட்டி பேக்கர் 88ஆம் எண் டாட்ஜ் டேடோனாவில் மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஓடியது டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அல்ல. உண்மையைச் சொன்னால், சுற்றிச்சுற்றி வரும் மூடிய தடத்தில் 200 மைலை முதலில் தாண்டியது டாட்ஜ்தான். பிளிமத்துக்காரர்கள் நிறத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

ஹெமி426 எழுதியது:

1970 டேடோனா 500இல் வென்றது பிளிமத் சூப்பர்பேர்ட். அதே ஆண்டு டல்லடேகாவின் இரு பந்தயங்களிலும் வென்றது அதே பிளிமத் சூப்பர்பேர்ட். மூன்றிலும் ஓட்டியவர் பெட்டி பட்டறையின் பீட் ஹாமில்டன், காரின் எண் 40. டாட்ஜ் அன்பர்கள் இதை அட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளலாம். அந்த 40க்கும் பட்டறையில் அடித்தது பெட்டி புளூதான். கார்ப்பரேஷன் புளூ அல்ல என்பதை மறுபடியும் பதிவு செய்கிறேன்.

ஸ்பூன்சோதனை எழுதியது:

ஹெமி அவர்கள் இதுவரை தம் 43இன் ஒரு படத்தைக்கூடப் பகல் வெளிச்சத்தில் எடுத்து இடவில்லை. வினைல் உரித்த இடத்தில் பசைத் தடம் தெரிகிறதோ என்னவோ. படத்தோடு ஒரு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் வைத்து எடுத்தால் வண்ணத்தை ஒப்பிடலாம்.

ஹெமி426 எழுதியது:

சென்னையில் மூன்று நாளாக மழை. வெயில் வந்ததும் இடுகிறேன். ஈரக்காற்றில் லாக்கர் பெயின்ட் அடித்து, அது பால் படிந்ததுபோல் வெளுத்துப்போன பிறகு, அதற்கு "அளவுக்கேற்ற வெளுப்பு" என்று பெயர் சூட்டும் வழக்கம் எனக்கு இல்லை.

புதுப்பசை எழுதியது:

அண்ணா, டப்பா கேட்டிருந்தேன். தமியா நிறுவனத்தின் டி.எஸ்.-23 லைட் புளூ ஸ்ப்ரே கடையில் இருக்கிறது. அதை வாங்கலாமா?

இறக்கைக்காரன் எழுதியது:

வாங்குங்கள் தம்பி. யார் என்ன சொன்னாலும் ஷெல்ஃபில் வைத்த பிறகு அழகாகத்தான் இருக்கும். நான் கலந்ததில் அரைக் குப்பி மிச்சம் இருக்கிறது. அதை வைத்து ஹாமில்டனின் 40ஐ நாளைக்கே தொடங்குகிறேன். வலை இல்லாமல், டேப்பை உரித்து, கூரைக்கும் அதே கார்ப்பரேஷன் புளூ.

ஹெமி426 எழுதியது:

40க்கும் அதே குப்பியா? சரி, அப்படியானால் நான் முதலிலிருந்து தொடங்குகிறேன். கார்ப்பரேஷன் புளூ என்பது கடைக்கு விற்பனைக்கு வந்த சூப்பர்பேர்டுகளுக்கு கிறைஸ்லர் வைத்திருந்த ஏழு நிறங்களுள் ஒன்று.