முகத்துக்கு நேரே பிடித்துப் போனைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருப்பதை எப்படிக் காப்பது?

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் பேசிப் பதிவு செய்யும் வேலை செய்கிறேன். போனில் அம்மாக்களின் குரல்பதிவுகள், முகவரிகள், வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கிடக்கின்றன. அண்மையில் என்னோடு வேலை செய்யும் தோழியை வழியில் மறித்தவர்கள் அவளுடைய ஐபோனை வாங்கி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். திறந்துகொண்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னுடையது சாம்சங், கைரேகையும் நான்கு இலக்கப் பின் நம்பரும் போட்டிருக்கிறேன். என்னை விசாரித்தால் நான் பதில் சொல்லிக்கொள்வேன். அந்த அம்மாக்களின் வாசலில் யாரும் போய் நிற்கக் கூடாது, அதுதான் என் கவலை. அமெரிக்காவில் கைரேகை கேட்கலாம், பாஸ்கோட் கேட்க முடியாது என்கிறார்களே, இங்கே இலங்கையிலும் அப்படியா?

யுனிட்டி பிளாசா தம்பி:
அக்கா, இந்த வேலை செய்பவர்களுக்குக் கைரேகையும் முகமும் வேண்டாம், இரண்டையும் எடுத்துவிடுங்கள். கஷ்டமென்றால் லொக்டவுனையாவது போட்டு வையுங்கள். செட்டிங்ஸில் லொக் ஸ்கிரீன் பகுதிக்குள் செக்யூர் லொக் செட்டிங்ஸ் இருக்கும். அங்கே லொக்டவுன் ஒப்ஷனைக் காட்டும்படி போடுங்கள். பிறகு பவர் மெனுவில் அது வரும். ஒரு தடவை தட்டினால் போதும், அடுத்த முறை பின் அடிக்காமல் திறக்காது. ஐபோனில் பக்கத்துப் பட்டனையும் வொலியூம் பட்டன் ஒன்றையும் சேர்த்து இரண்டு, மூன்று செக்கன் பிடித்தால் ஓஃப் செய்யும் திரை வரும். அது வந்தாலே முகம் வேலை செய்யாது.

முடிந்தால் போனை முழுதாக ஓஃப் செய்துவிடுங்கள், அதுதான் மிகப் பலமானது. ஓன் செய்து முதல் தடவை பின் அடிக்கும் வரை தரவுகளின் பெரும்பகுதி குறியாக்கத்தில் பூட்டியே கிடக்கும். ஒரு தடவை திறந்துவிட்டால், பிறகு திரையைப் பூட்டினாலும் அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி போனின் நினைவகத்தில் இருக்கும். பூட்டிய போனிலிருந்து தரவை எடுக்கும் செலபிரைட், கிரேகீ போன்ற கருவிகளுக்கு அந்த நிலைதான் வசதி. இதனால்தான் 2024இல் அப்பிளும் 2025இல் கூகுளும், 3 நாள் திறக்காமல் கிடக்கும் போன் தானே ரீஸ்டார்ட் ஆகும் வசதியைக் கொண்டுவந்தார்கள். போனை அப்டேட் செய்து வையுங்கள்.

நான்கு இலக்கத்தில் மொத்தமே 10,000 சேர்க்கைதான். ஆறில் பத்து லட்சம். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்வேர்ட் போடுங்கள். இரண்டு நாளில் விரல் பழகிவிடும்.

புதுக்கடை சட்டத்தரணி:
தங்கச்சி, அமெரிக்கக் கதையை இங்கே நம்பி நிற்காதீர்கள். 2014இல் வேர்ஜினியாவில் ஒரு நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற, அவர்களுடைய அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தின் கீழ் வந்தது, அங்கேயே எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. நம் அரசியலமைப்பில் தனியுரிமை தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், விசாரணைக்கு உதவும்படி கேட்கப்படுபவர் உதவ வேண்டும் என்கிறது. ஆகவே மறுக்க முன்னர் சட்டத்தரணியோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்பதையும் மரியாதையாகக் கேளுங்கள். போனை எடுத்தால் திகதி, நேரத்தோடு பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

மறித்த பிறகு எதையும் அழிக்க வேண்டாம், தூரத்திலிருந்து போனை முழுதாக அழிக்கும் வைப் செய்யவும் வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாகத் தனிக் குற்றமாகிவிடும். பூட்டுவது வேறு, அழிப்பது வேறு. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டார் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அறிவித்தார்களா என்று கேட்கலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. நாலாம் மாடிக்கு, அதாவது குற்றப் புலனாய்வுத் திணைக்கள விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள்.

வத்தளை அக்கா:
நானும் இதே வேலைதான் தங்கச்சி. பூட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் போனில் என்ன இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். பதிவு எடுத்த அன்றே குறியாக்கம் செய்த டிரைவுக்கு மாற்றி, போனில் குப்பைத்தொட்டி வரை அழியுங்கள். அமைதியான நாளில், வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலை இது. கான்டாக்டில் முழுப்பெயரும் ஊரும் போடாதீர்கள். அந்த அம்மாக்கள் எங்களை நம்பித்தான் வாய் திறந்தார்கள், அவர்களைக் கேட்காமல் எதையும் தேவைக்கு மேல் வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை.

வெள்ளவத்தை வாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், லொக்டவுனும் வேலை செய்கிறது. வட்ஸ்அப் பக்அப் கூகுள் டிரைவுக்குப் போகிறதே, அதை என்ன செய்வது?

யுனிட்டி பிளாசா தம்பி:
சட் பக்அப் பகுதியில் எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் என்று இருக்கும், அக்கா. தானாக ஓன் ஆகாது, நீங்கள்தான் போட வேண்டும். பாஸ்வேர்டை மறந்தால் பக்அப்பும் போய்விடும், கவனம். குழுக்களில் மறையும் செய்திகளை 24 மணித்தியாலத்துக்கு வையுங்கள். அப்புறம் லொக் ஸ்கிரீனில் நோட்டிபிகேஷன் உள்ளடக்கத்தை மறைத்துவிடுங்கள். பூட்டிய போனிலும் வரும் செய்தியை வாசிக்க முடிந்தால் இவ்வளவு செய்தும் பலனில்லை.