உதகையில் ஆசிரியர் குழு, கோவையில் அச்சகம்: நாளிதழ் மென்பொருளின் கட்டமைப்பு எப்படி அமைய வேண்டும்?

உதகை செய்திமேசை எழுதியது:

வணக்கம். உதகையிலிருந்து வாரம் இருமுறை வெளிவரும் எங்கள் எட்டுப் பக்க இதழை நாளிதழாக மாற்றவிருக்கிறோம். ஆசிரியர் குழு உதகையில் இருக்கிறது, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர், பந்தலூர் ஆகிய இடங்களில் நிருபர்கள் இருக்கிறார்கள், அச்சடிப்பது கோவையில். இரவு 11 மணிக்குள் கடைசிப் பக்கம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான், கட்டுகளை ஏற்றிய வண்டி மேட்டுப்பாளையம் வழியாக விடிவதற்குள் மலையேற முடியும்.

இப்போது செய்திகள் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. பக்க வடிவமைப்பாளர் அவற்றைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுகிறார். திருத்தங்கள் தாளில் எடுத்த மெய்ப்பில் நடந்து நேரே பக்கத்தில் ஏறுகின்றன. ஆகவே இறுதியாக அச்சான வாசகம் பக்கக் கோப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. இணையதளத்துக்காக அதே செய்தியைத் திரும்பத் தட்டச்சு செய்கிறோம். வாரம் இருமுறைக்கு இது ஓடிவிட்டது, நாள்தோறும் ஓடாது.

நிருபர் எழுதுவது முதல் அச்சுக்கோப்பு வரை ஒரே இடத்தில் நடக்கும் மென்பொருளைத் தேடுகிறோம். விற்பனையாளர்கள் எல்லாரும் கிளவுட் (இணையம் வழியாகப் பயன்படுத்தும் வெளிச் சர்வர்) சேவையையே பரிந்துரைக்கிறார்கள். எங்கள் தயக்கத்துக்குக் காரணம் மழை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் இணைப்பு அறுந்துபோவது வழக்கம். 2009 நவம்பர் நிலச்சரிவுகளையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையையும் பார்த்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட நாளில்தான் வாசகர் நாளிதழைத் தேடுவார். சர்வர் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு திறன் வேண்டும், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோவை நிரலர் எழுதியது:

வணக்கம் ஐயா. சர்வர் எங்கே என்று பார்ப்பதற்கு முன், அதில் எதை வைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் இப்போதைய முறையில் மூலம் பக்கம்தான். செய்தி அதற்குள் கரைந்துவிடுகிறது. புதிய முறையில் செய்தியே மூலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியும் தனி அடையாள எண்ணுடன், தலைப்பு, வாசகம், படக்குறிப்பு, ஊர், நிருபர் என்று பிரித்த புலங்களோடு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில், தரவுத்தளத்தில் ஒரே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் அதிலிருந்து எடுத்துக்கொள்பவை. இரவு பத்தரை மணிக்குப் பக்கத்தில் நான்கு வரி வெட்டினால், அந்த வெட்டும் செய்தியின் அச்சுப் பதிப்பாகத் தரவுத்தளத்துக்குத் திரும்ப வேண்டும். விற்பனையாளரிடம் இதை நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள்; பலர் இங்கேயே தடுமாறுவார்கள்.

அடோபியின் இன்டிசைனும் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) இன்காப்பியும் (அதோடு இணைந்த வாசகத் திருத்த மென்பொருள்) இதற்காகவே பக்கத்தையும் வாசகத்தையும் பிரித்து வைக்கின்றன. வடிவமைப்பாளர் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போதே துணையாசிரியர் தம் செய்தியை மட்டும் பூட்டி எடுத்துத் திருத்தலாம். கட்டற்ற மென்பொருள் வேண்டுமென்றால் சூப்பர்டெஸ்க் இருக்கிறது. ஆனால் அது செய்தி எழுதுதல், திருத்துதல், பகிர்தல் ஆகியவற்றுக்கு உரியது, பக்க வடிவமைப்பை அதற்கு வெளியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இனி இடம். முதன்மைச் சர்வர் உதகை அலுவலகத்திலேயே இருக்கட்டும். அதன் நகல் கோவையில் இருக்கட்டும். வாசகர் பார்க்கும் இணையதளத்தை மட்டும் கிளவுடில் வையுங்கள். தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரஸ் என்ற கட்டற்ற மென்பொருள் போதும். நகலெடுக்கும் முறையில் மட்டும் கவனம் தேவை: கோவை நகல் எழுதி முடித்ததாகச் சொன்ன பின்பே உதகையில் சேமிப்பு நிறைவடையும் என்று அமைத்தால், இணைப்பு அறுந்த நொடியில் உதகையில் ஒருவரும் எதையும் சேமிக்க முடியாமல் நின்றுவிடுவார்கள். உதகை தன் போக்கில் எழுதிக்கொண்டே போக, கோவை பின்தொடர்ந்து வருவதே உங்களுக்கு ஏற்றது. கோவை நகலை முதன்மையாக்கும் வேலையையும் தானியங்கியிடம் விடாதீர்கள். அறுந்த இணைப்பும் செத்துப்போன சர்வரும் கோவையிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு இடங்களும் தாமே முதன்மை என்று எண்ணி எழுதத் தொடங்கினால், மறுநாள் எந்தத் திருத்தம் உண்மையானது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு மாற்றுவதற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள்.

நிருபர்களின் செயலி, இணைப்பு இல்லாமலே எழுதிச் சேமிக்கவும், இணைப்பு வந்ததும் தானே அனுப்பவும் வல்லதாக இருக்க வேண்டும். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது என்றாலும், 400 சொல் செய்தி ஏறக்குறைய 10 கிலோபைட்தான். பந்தலூரில் எவ்வளவு மெலிந்த சிக்னலிலும் அது போய்விடும். வழியை அடைப்பவை படங்கள். ஆகவே செய்தியோடு சிறிய மாதிரிப் படம் முதலில் போகட்டும். முழு அளவுப் படம் பின்னால் வரட்டும்.

இணைப்பில்லாமல் எழுத விட்டால் ஒரே செய்தியை இருவர் இரு விதமாகத் திருத்தும் சிக்கல் வரும். அதை மென்பொருளின் சாமர்த்தியத்தால் ஒட்டுப்போட முயலாமல், உரிமை விதியால் தீர்ப்பது நல்லது. செய்தி மேசைக்கு வந்துவிட்டால் நிருபர் அதைத் தொட முடியாது. கூடுதல் தகவலை, அச்செய்தியோடு இணைத்த தனிக் குறிப்பாகவே அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் துணையாசிரியர் முடிவு செய்வார்.

கடைசியாக, அச்சுக்கோப்பு. பகலிலேயே படங்களையெல்லாம் கோவைக்கு அனுப்பிவிட்டால், இரவில் பக்க அமைப்பை மட்டும் ஐடிஎம்எல் (இன்டிசைனின் பரிமாற்ற வடிவம்) கோப்பாக அனுப்பி, அச்சகத்திலேயே பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம். அனுப்ப வேண்டிய அளவு மிகச் சிறிதாகிவிடும்.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

நிரலர் சொன்ன கடைசி யோசனையைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். பக்கம் ஓரிடத்தில்தான் கோக்கப்பட வேண்டும். எழுத்துருவின் பதிப்பு எண் வேறாக இருந்தாலே வரிகள் நகரும். தமிழில் ஒரு வரி நகர்ந்தால் பத்தியின் கடைசிச் சொல் பெட்டிக்கு வெளியே விழுந்து காணாமல் போகும். அந்த நேரத்தில் எங்கள் பிளேட் (அச்சுத்தகடு) பிரிவில் இருப்பவர் செய்தியைப் படித்துப் பார்ப்பவர் அல்லர். ஆசிரியர் கண்ணால் பார்த்து ஒப்புதல் தந்த பக்கமே பிளேட்டில் ஏற வேண்டும் என்றால், எழுத்துருக்கள் உள்ளடங்கிய, அச்சுக்கென வகுத்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ கோப்பை உதகையிலேயே எடுத்து அனுப்புவதுதான் முறை.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். படங்களை 200 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 200 புள்ளிகள்) குறைத்தால் செய்தித்தாள் அச்சுக்குப் போதும். பக்கத்துக்கு 20 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் எட்டுப் பக்கம் 160 எம்பி. நொடிக்கு 5 மெகாபிட் மேலேற்றம் கிடைத்தால் நான்கரை நிமிடத்தில் முடியும். அரை மெகாபிட்டாக இறங்கினால் முக்கால் மணி நேரம் ஆகும். எட்டுப் பக்கத்தையும் பத்தே முக்காலுக்கு ஒன்றாக அனுப்புகிற பழக்கம்தான் ஆபத்து. உள்பக்கங்கள் மாலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கட்டும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் 11 மணிக்குக் காத்திருக்கட்டும். மென்பொருளில் பக்கவாரியாகக் கெடு நேரம் குறிக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு கண்ணாடி இழைகளும் ஒரே மலைப்பாதையின் ஓரமாக வந்தால் ஒரே சரிவு இரண்டையும் கொண்டுபோகும். எந்த வழியாக வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; ஒன்றாவது கம்பியில்லா இணைப்பாக இருக்கட்டும். எதுவுமே இல்லாத நாளுக்கு, உதகையிலிருந்து கோவை 85 கிலோமீட்டர்தான், பென்டிரைவுடன் ஒருவர் வண்டியில் கிளம்பலாம். ஆனால் அதற்கு எத்தனை மணிக்கு முடிவெடுக்க வேண்டும் என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அச்சுக்கோப்பு வெளியேறும் வாயிலில் தானியங்கிச் சோதனை ஒன்று கட்டாயம். கைப்பேசிப் படங்கள் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் வரும். அவை நான்கு மை அச்சுக்கான சிஎம்ஒய்கேவாக மாறியிருக்க வேண்டும், நான்கு மைகளின் விழுக்காடுகளையும் கூட்டிய மொத்த மை அளவு 240 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மை உலராமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். செய்தி எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையிலும் சேர்ந்து வந்தால் ஓட்டத்தில் பிளேட் இம்மி விலகினாலும் எழுத்து நிழல் தட்டிப் படிக்க முடியாது. அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர் வரும் வரியையும் வார்ப்புருவில் (பக்க மாதிரிக் கோப்பில்) பூட்டி வையுங்கள். 2024 மார்ச் 1 முதல் புதிய பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதழின் கால இடைவெளி மாறுவதால் பதிவிலும் திருத்தம் வேண்டியிருக்கும், அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

உதகை செய்திமேசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பிடிஎஃப் உதகையிலேயே எடுப்பது என்று வைத்துக்கொள்கிறோம். ஐடிஎம்எல் வழியை, உதகை அலுவலகமே இயங்க முடியாத நாளுக்கான மாற்றாகக் கோவையில் ஒத்திகை பார்த்து வைப்போம். இன்னும் இரண்டு ஐயங்கள். பசுந்தேயிலை விலை, குன்னூர் ஏல நிலவரம், மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் விலை, மழை அளவு ஆகிய அட்டவணைகள் எங்களுக்கு அன்றாடம் உண்டு. விவசாயிகள் இதழை வாங்குவதே பெரும்பாலும் அவற்றுக்காகத்தான். அவற்றை எப்படிக் கையாள்வது? பல ஆண்டுகளின் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை யுனிகோடுக்குக் கொண்டுவர முடியுமா?

எழுத்துரு மாற்றுநர் எழுதியது:

முடியும், ஆனால் பலரும் செய்வதுபோல வாசகத்தை மட்டும் நகலெடுத்து மாற்றியில் போடாதீர்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துருப் பெயரை இழந்த வெறும் வாசகத்தில் எது தமிழ், எது உண்மையிலேயே ஆங்கிலச் சொல் என்று பிரிக்க வழியில்லை. இன்டிசைனின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் 6.0 முதலான கோப்புகளைத் திறக்கும்; அதில் திறந்து, எழுத்துருக் குறிப்புகளோடு வெளியே எடுத்து, எழுத்துரு மாறும் இடமெல்லாம் பிரித்து மாற்ற வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பழைய முறையில் உயிர்மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும், யுனிகோடில் பின்னால் வர வேண்டும்; இதை எல்லா மாற்றிகளும் செய்கின்றன. செய்யாதவை நுணுக்கமானவை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. ஆகவே சேமிக்கும் வாயிலிலேயே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யுனிகோடின் ஒரே சீரான வடிவுக்கு ஒழுங்குபடுத்த வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தைத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. சொற்பட்டியலோடு ஒப்பிட்டே பிடிக்க முடியும். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழங்குகின்றன, கோயில் செய்திகள் அதிகமென்றால் இதைக் கவனியுங்கள்.

தேடலைப் பொறுத்தவரை, ‘குன்னூர்’ என்று தேடினால் ‘குன்னூரிலிருந்து’ வருவதும் கிடைக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லடி காணும் வசதி இருக்கிறது. அதை மட்டும் நம்பாமல் ஊர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒரே எண்ணில் சேர வேண்டும்; படுகர் ஊர்ப்பெயர்களை ‘ஹட்டி’ என்றும் ‘அட்டி’ என்றும் எழுதுவதால் அவற்றையும் இணைக்க வேண்டும்.

இன்டிசைனில் தமிழ்ப் பத்திகளுக்கு வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற வரி கோக்கும் அமைப்பைத் தேர்ந்திருக்கிறார்களா என்பதை வார்ப்புருவிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறும். குறுகிய பத்திகளில் நீண்ட சொல்லை உடைக்கும்போது புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது என்ற விதியையும் சோதியுங்கள்.

கோவை நிரலர் எழுதியது:

அட்டவணையைச் செய்தி வாசகமாக எழுத விடாதீர்கள். பொருள், இடம், நாள், விலை என்று வரிசையாகத் தரவுத்தளத்தில் இருக்கட்டும். பக்கமும் இணையதளமும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்றைய விலை வராத பொருளுக்கு நேற்றைய விலையைத் தானாக நிரப்பும் மென்பொருள்களை நான் பார்த்திருக்கிறேன்; அந்த வசதியை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். வெற்றுக் கோடு இருந்தால் விவசாயி மண்டிக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். பழைய விலை இருந்தால் அதை நம்பி மூட்டையை ஏற்றிவிடுவார்.

திறனைப் பொறுத்தவரை உங்கள் அளவுக்குப் பெரிய செலவு தேவையில்லை. எட்டு கோர், 32 ஜிபி நினைவகம், ஒன்றையொன்று பிரதி செய்யும் இரண்டு எஸ்எஸ்டி, படங்களுக்குத் தனியே இரண்டு பெரிய வட்டுகள் கொண்ட ஒரு சர்வர் போதும். பக்க வடிவமைப்புக் கணினிகளுக்கு 16 ஜிபி, துணையாசிரியர்களுக்கு 8 ஜிபி. வட்டுகள் ஒன்றையொன்று பிரதி செய்வது காப்பு நகல் ஆகாது. தவறி அழித்த செய்தி இரண்டிலும் அழிந்துவிடும். ஆகவே இரவுதோறும் தனிக் காப்பு நகல் எடுத்து, ஒன்றைக் கோவையில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு நாள் இதழை மீட்டெடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஊரின் குளிரால் ஏசி செலவு மிச்சம், ஆனால் ஈரம் பகை. சர்வரை மாடியில், மூடிய அலமாரியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். இரவில் அணைக்காதீர்கள், ஆறிய உலோகத்தின்மேல் மூடுபனி நீராகப் படியும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் யுபிஎஸ் பேட்டரியின் திறனும் குறையும். ஒரு மணி நேரம் தாங்கும் என்று விற்பனையாளர் சொன்னால் அந்தக் கணக்கு எந்த வெப்பநிலைக்கு என்று கேட்டு, கூடுதலாக வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் என் வேண்டுகோளாகச் சேருங்கள்: எல்லாச் செய்திகளையும், அவற்றின் திருத்த வரலாற்றோடும் படங்களோடும், திறந்த வடிவில், கேட்ட நேரத்தில், கட்டணமின்றி வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமை இதழுக்கு உண்டு என்று இருக்க வேண்டும். கையெழுத்திடும் முன், மாதிரித் தரவை ஏற்றி அப்படி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.