290 குதிரைத்திறன் ஆக்டேவியா: வேலூர் ரோட்டுக்கு எந்த டயர்?

ஆம்பூர் சோல்:

வணக்கம். கார் 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, இரண்டாம் கையாக வாங்கியது. கம்பெனி கொடுத்தது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். முதல் உரிமையாளர் ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) போட்டுவிட்டார்; டைனோ என்ற சக்தி அளக்கும் மேடையில் 290-க்குப் பக்கமாக வந்த தாளும் கையில் இருக்கிறது. அத்தனையும் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் போகிறது. மழை ஈரத்தில் மாதனூர் தாண்டி லாரியை முந்த மிதித்தால், இரண்டாம் கியரில் சக்கரம் சும்மா சுற்றுகிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் பிடுங்குகிறது.

டயர் 225/45 R17 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 இஞ்ச்). பட்டன் (மேல்பரப்பின் மேடு பள்ளம்) இன்னும் பாதி இருக்கிறது, கிரிப் மட்டும் இல்லை. வாரநாளில் ஆம்பூர் - ராணிப்பேட்டை ஓட்டம், ஞாயிறு விடிகாலை ஏலகிரி, எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்.

யோசனையில் இருப்பவை மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6. நடுவில் பெங்களூரில் ஒருவர் டோயோ ஆர்888ஆர் செமி ஸ்லிக்கை (டிராக்குக்கான, பள்ளம் குறைந்த டயர்) 18 இஞ்ச் அலாயோடு சேர்த்துச் சல்லிசாகத் தருகிறேன் என்கிறார். மனசு அங்கேதான் ஓடுகிறது.

நான் ஷூ சோல் தொழிலில் இருப்பவன். மெத்து ரப்பர் சீக்கிரம் தேயும், கத்திரி வெயிலில் இளகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. மே மாத வேலூருக்கு மெத்து காம்பவுண்டு (ரப்பர் கலவை) தாங்குமா?

காட்பாடி ரன்ஃபிளாட்:

சோல் பாய், 18 இஞ்சை மறந்துவிடுங்கள். என்னுடையது பிஎம்டபிள்யூ 330ஐ, 258 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை. கூடவே வந்த ரன்ஃபிளாட்டில் காற்று போனாலும் 80 கிலோமீட்டர் தூரம், 80 வேகத்துக்கு மிகாமல் போகலாம். அதற்காக டயரின் பக்கச் சுவரான சைடுவாலைக் கட்டைபோல் செய்து வைத்திருக்கிறார்கள். காட்பாடியிலிருந்து பாகாயம் போய் வந்தாலே இடுப்பு விட்டுப்போகும். தேய்ந்ததும் நாலையும் சாதாரண டயராக மாற்றிவிட்டேன். ஸ்டெப்னி கிடையாது என்பதால் டிக்கியில் கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் எப்போதும் இருக்கும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, சைடுவால் குறைந்த 18 இஞ்சைப் போட்டு நீங்களாக இழுத்துக்கொள்ளாதீர்கள்.

அரக்கோணம் மிக்சிங்:

தம்பி, நான் அரக்கோணத்தில் டயர் தொழிற்சாலையில் மிக்சிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பரைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஊற்றும் டிபிஆர் என்ற ரப்பர் சோல் சூட்டில் உருகும், ஆறினால் இறுகும். டயர் அந்த ஜாதி இல்லை. கந்தகம் சேர்த்து, அச்சில் 150 டிகிரிக்கு மேல் வேக வைத்து எடுத்தது. ஒருமுறை வெந்த பிறகு உருகாது. கத்திரியில் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டினாலும் டயர் இளகி ஓடாது. டயரைக் கொல்லும் சூடு வெளியிலிருந்து வருவதில்லை. காற்று குறைவாக இருந்தால் சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும், அந்த வேலையிலேயே உள்ளே கொதிக்கும், நாலு பேரை ஏற்றிக்கொண்டு நூறில் போகும்போது வெடிக்கும். நெடுஞ்சாலையில் கிழிந்து கிடக்கும் லாரி டயர்களில் நிறைய இந்த வகைதான்.

வெயிலைப் பொறுத்தவரை உங்கள் ஊர் கோடைக்கால டயருக்கென்றே படைத்தது. அந்த ரப்பர் விறைப்பது 7 டிகிரிக்குக் கீழே. மார்கழியில்கூட வேலூர் அங்கே போகாது. ஆகையால் ஆல் சீசன் என்று யாராவது விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

செமி ஸ்லிக்கும் சூட்டுக்குப் பயப்படாது, சூடு ஏறினால்தான் அது வேலையே செய்யும். பிரச்சினை தண்ணீர். ஆர்888ஆரில் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் குறைவு. நமக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சாயங்கால இடி மழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. சர்வீஸ் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் 290 குதிரைத்திறனோடு அந்த டயரில் ஏறினால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், கார் உங்களிடம் இருக்காது. ஆயுளும் கம்மி. அமெரிக்க ட்ரெட்வேர் எண் (தேய்மான எண்; கூடினால் ஆயுள் கூடும்) அதற்கு 100, மிச்செலினின் டிராக் வகை டயரான கப் 2-க்கு 180. நல்ல சாலை டயர்கள் 300-ஐ ஒட்டி இருக்கும். இந்த எண்ணைக் கம்பெனிகளே சோதித்துப் போட்டுக்கொள்வதால் ஒரு பிராண்டை இன்னொன்றோடு உரசிப் பார்க்க உதவாது. டிராக் ஆசை விடவில்லை என்றால் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள், தினசரி வண்டியில் வேண்டாம்.

மீதி இரண்டில் எம்சி6 ஆசிய பசிபிக் நாடுகளை மனதில் வைத்துச் செய்தது, மட்டமான டயர் இல்லை. ஆனாலும் என் கை பைலட் ஸ்போர்ட் 4 பக்கம் போகும். டயருக்குள் இருக்கும் பெல்ட்டுக்கு மேல் அராமிட் என்ற உறுதியான இழையும் நைலானும் கலந்த நூல் சுற்று இருப்பதால் வேகத்தில் டயர் விரியாது, தரையில் படும் இடம் மாறாது. ஏலகிரியின் 14 வளைவுகளிலும் அது கையில் தெரியும்.

ஆம்பூர் சோல்:

ஐயா, நன்றி. சோலுக்கு வைத்திருக்கும் ஷோர் ஏ மீட்டரை (ரப்பரின் கெட்டித்தன்மையை அளப்பது; எண் கூடினால் கெட்டி) எடுத்துப்போய் என் டயரில் அழுத்தினேன்: 75. கடையில் இருந்த புது டயரில் 67. அப்படியென்றால் எண் குறைவாக உள்ளதைத் தேடி வாங்கினால் போதுமா?

அரக்கோணம் மிக்சிங்:

கடைக்காரர் மீட்டரைப் பார்த்து ஓடாமல் இருந்தாரே! 75 என்பது உங்கள் டயர் கெட்டித்துப்போனதைச் சொல்கிறது, அந்த மட்டில் மீட்டர் சரி. பட்டன் இருந்தும் கிரிப் இல்லாததற்குக் காரணமும் அதுதான். ஆனால் புது டயர்களில் எது ஈரத்தில் பிடிக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. உங்கள் லேபில் ரீபவுண்ட் சோதனை இருக்கும் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தியதும் வெடுக்கென்று துள்ளித் திரும்பும் ரப்பர் ரோட்டுச் சொரசொரப்பைப் பிடிக்காது. சோம்பலாகத் திரும்புவதுதான் பிடிக்கும். ஆனால் அந்தச் சோம்பலே ஓடும்போது பெட்ரோலைத் தின்னும். கரித்தூளைக் குறைத்து சிலிக்கா போட்டால் ஈரத்தில் சோம்பலாகவும் ஓட்டத்தில் சுறுசுறுப்பாகவும் ஒரே ரப்பரை நடக்க வைக்கலாம். மிச்செலின் 1992-இல் சிலிக்கா டயரைக் கொண்டுவந்த பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். 67 காட்டும் சிலிக்கா டயர், 62 காட்டும் கரி டயரை மழையில் தோற்கடிக்கக்கூடும்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்கள் வாரமும் வருடமும்: 1824 என்றால் 2024-இன் 18-ஆவது வாரம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதிகம் விற்காத சைஸ் கிடங்கில் தூங்கிப் பழசாகவும் வாய்ப்புண்டு. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வண்டியின் உச்ச வேகம் 250. சைஸ் அதேதான் என்று, வேகத்தைக் குறிக்கும் எழுத்தாக V போட்ட டயரை நீட்டுவார்கள்; அது 240 வரைதான். W என்றால் 270, Y என்றால் 300. எடை எண் 91-க்குக் குறையக் கூடாது, அது ஒரு டயர் தாங்கும் 615 கிலோவைக் குறிப்பது.

சத்துவாச்சாரி அலைன்மென்ட்:

பெரியவர் ரப்பரைச் சொல்லிவிட்டார், நான் இரும்பைச் சொல்கிறேன். 225/45 R17-இல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 101 மில்லிமீட்டர் இருக்கிறது. 225/40 R18 போட்டால் 90. வெளிச்சுற்றளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் அந்த 11 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் அலாயைக் காப்பாற்றுவது. சைடுவாலில் புடைப்போடு வருகிறவர்கள் ‘ஒட்டிக் கொடுங்க’ என்பார்கள். உள்ளே நூல் அறுந்த டயரை ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

ஸ்டீயரிங் பிடுங்குவதற்கு டயரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ரீமேப் போட்ட முன்சக்கர வண்டிகளில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் இன்ஜினைத் தாங்கும் கீழ் மவுன்ட்டும் முதலில் தளரும். அதைப் பார்க்காமல் புது டயர் போட்டால் உள்விளிம்பு சீக்கிரமே மொட்டையாகிவிடும். புஷ் பார்த்து, டயர் மாற்றி, அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட்.

காற்று அளவு பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். பள்ளிகொண்டா டோல் தாண்டி, மதிய வெயிலில் அளந்துவிட்டு ‘நாலு பவுண்டு ஏறியிருக்கே’ என்று இறக்கிவிடாதீர்கள், ஏறுவது இயல்பு. நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சும்மா கிடைக்கும் காற்றிலேயே அது 78 சதவீதம்.

ஆம்பூர் சோல்:

பெங்களூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பைலட் ஸ்போர்ட் 4, Y, நாலும் ஒன்றாக. அண்ணே, புஷ் பார்க்க சனிக்கிழமை வரலாமா?

சத்துவாச்சாரி அலைன்மென்ட்:

பத்து மணிக்குள் வாருங்கள். டயரை ஏற்றி வரும்போது, திருட்டுப் போகாமலிருக்க வீலில் போட்டிருக்கும் லாக் போல்ட்டுக்கான சாவியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இரண்டாம் கை வண்டி என்றால், அது டூல் கிட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.