1944 நார்மண்டி ஜீப்: எந்தச் சாமானை எங்கே கட்டுவது?

ஆலிவ்_பச்சை:
வண்டி ஃபோர்டு ஜிபிடபிள்யூ (ஃபோர்டு கம்பெனி செய்த ராணுவ ஜீப்), 1943 தயாரிப்பு. பெயின்ட் முடிந்தது. 1944 கோடையில், இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் நார்மண்டியில் ஓடிய அமெரிக்க ஜீப் மாதிரி சாமான் ஏற்றணும். கோடரி, ஷவல், ஜெர்ரி கேன் (ராணுவ பெட்ரோல் கேன்), உருமறைப்பு வலை, பித்தளைத் தீயணைப்பான், மடக்கு ஷவல் கையில் இருக்கு. எது எங்கே போகும்? பம்பரில் வயர் கட்டர் (குறுக்கே வரும் கம்பியை அறுக்க நிமிர்ந்து நிற்கும் இரும்புச் சட்டம்) வைக்கலாமா?

நட்டு_போல்ட்டு:
கோடரியும் பெரிய ஷவலும் டிரைவர் பக்கம், அதாவது இடப்பக்கம், பாடிக்கு வெளியே. கோடரியின் கூர்முனைக்கு அங்கேயே உறை பிராக்கெட் உண்டு. அதில் முழுசா உட்காராவிட்டால் குலுங்கிக் குலுங்கி பெயின்ட்டைச் சுரண்டிவிடும். காட்டன் பட்டைதான் போடணும். நைலான் பட்டையும் பிளாஸ்டிக் பக்கிளும் பத்தடி தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். புதுக் காட்டன் முதல் ஓட்டத்திலேயே தளரும், நிறுத்தி மறுபடி இறுக்குங்க. பட்டைகளின் நிறம் எல்லாம் ஒன்றாக இருக்கணும்னு இல்லை: பழைய காக்கியிலிருந்து கரும்பச்சைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது, கலந்திருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

மடக்கு ஷவல் 1943 மாடல் என்றால் சரி, ஆனால் அது சிப்பாயின் சொந்தச் சாமான். பாடியில் மாட்டாதீங்க, உறையோடு அவன் பையில் தொங்கட்டும்.

ஜெர்ரி கேன் பின்னால் இடப்பக்கம், ஸ்டெப்னி வலப்பக்கம். கேனில் அச்சடித்த வருஷத்தைப் பாருங்க. 1951 என்று இருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். காலியாகவே வைங்க. நிரப்பினால் 20 கிலோ பக்கம் வரும், அந்த எடை பின் தகட்டிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டே அதிரும். போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுவது அதனால்தான். காலிக் கேன் தடதடக்கும். அடியில் கித்தான் துண்டு வைத்தால் போதும்.

துரு_வேட்டை:
தீயணைப்பானை முதலில் குலுக்கிப் பாருங்க. உள்ளே தளும்பினால் அது பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு, அந்தக் காலத் தீயணைப்புத் திரவம். கல்லீரலைக் கெடுக்கும், சூடான இரும்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். நீங்களே திறக்கவோ சாக்கடையில் ஊற்றவோ வேண்டாம், அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்க. காலிக் கூடு டிரைவரின் இடப்பக்கம் உள்ளே அழகுக்கு இருக்கட்டும். நிஜமாக வேலை செய்யும் பவுடர் சிலிண்டர் ஒன்று கண்ணில் படாமல், ஆனால் கைக்கெட்டும்படி.

வயர் கட்டர் 1944-க்குப் பொருந்தும். சாலையின் குறுக்கே கட்டிய கம்பி தலையை அறுக்காமல் இருக்க வைத்தது அது. வட ஆப்பிரிக்கா 1942 வேஷத்துக்கு மட்டும் ஆகாது.

நட்டு_போல்ட்டு:
வலையை கிரில் முன்னால் கட்டாதீங்க. படத்தில் நன்றாக இருக்கும், ரேடியேட்டருக்குக் காற்று போகாது. பின் விளக்கையும் மறைக்கக் கூடாது. டிரைவர் சீட்டில் எதையும் கட்டாதீங்க: 15 கேலன் டேங்க் அதற்கு அடியில், பெட்ரோல் போட மெத்தையைத் தூக்கியாகணும். நனைந்த கித்தானை அன்றைக்கே அவிழ்த்துக் காய வைங்க. தகடு துருப்பிடிக்க ஆரம்பிப்பது அதற்கு அடியில்தான்.

ஆலிவ்_பச்சை:
குலுக்கினேன், தளும்புது. அப்படியே தனியா எடுத்து வைச்சுட்டேன். கேனில் 1944.