வளவுக்குள் பச்சைத்துணி: சண்டைக்காட்சியில் கால் கரைகிறது

கேள்வி (முகப்பு_3):
செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. அறிவியல் புனைவு ஆக்‌ஷன் தொடர், மூன்றாம் எபிசோட், வளவில் (வீட்டு நடுவே முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கிற பகுதி) ரோபோவோடு சண்டை. தூண்களுக்குப் பின்னால் 20 அடிக்குப் பச்சைத்துணி கட்டி டெஸ்ட் எடுத்தாச்சு. கீ போட்டால் (கம்ப்யூட்டரில் பச்சையை மட்டும் அழித்தால்) நாயகனுக்கு முழங்காலுக்குக் கீழே ஓட்டை. செகண்டுக்கு 120 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வெளிச்சம் வேறு துடிக்குது. துணி மட்டமா, கேமராவா?

பதில் (சுண்ணாம்புச்சுவர்):
ரெண்டும் இல்லை, தரை. ஆத்தங்குடிக் கல்லை, அதாவது அந்த வீட்டுத் தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட்டுக் கல்லை, கண்ணாடி மேல வார்க்கிறாங்க, அதனால முகம் வழவழன்னு இருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த தரைன்னா கேட்கவே வேண்டாம், துணியோட பச்சை அதில் விழுந்து பூட்ஸிலும் கால்சட்டையிலும் ஏறும். கல்லில் பச்சைப் பூ இருந்தா அதுவும் சேர்ந்து ஓட்டையாகும். அப்போ நீலத்துணிக்கு மாறுங்க, கல்லில் நீலம் இல்லைன்னா. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவரும் இதே வேலையைப் பார்க்கும். ஆளைத் துணியிலிருந்து 10 அடியாவது தள்ளி நிறுத்துங்க. ஃபிரேமுக்கு வெளியே இருக்கிற தரையெல்லாம் கறுப்புத்துணி. லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற ஃபில்டர்) மாட்டித் திருப்பினா மினுக்கம் பாதி அடங்கும், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதியாகும்).

பதில் (ஷட்டர்50):
துடிப்புக்குக் காரணம் கரண்ட். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும். 120 அதோட ஒத்துப்போகாது. 100 ஃபிரேம், ஷட்டர் 1/100 செகண்ட் வைங்க. அதை செகண்டுக்கு 25 ஃபிரேமில் ஓட்டினா நாலு மடங்கு மெதுவு. முற்றத்து வெயிலில் இந்தத் தொல்லையே இல்லை, ஆனா உச்சிப்பொழுதில் நிழல் கத்தி மாதிரி விழும். மேலே வெள்ளைக் காடாத்துணி கட்டுங்க.

பதில் (நிலைவாசல்):
எதுக்கு 20 அடி? அந்த வீட்டில் முன்வாசலில் நின்னா பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. ஒரே ஒரு நிலைக்கு (கதவுச் சட்டத்துக்கு) பின்னால மட்டும் துணி கட்டுங்க, வேற்றுலக வாசல் அதுதான். தேக்கு நிலையே ஓரம் பிரிச்சுக் கொடுக்கும், தூணும் தரையும் நிஜமாவே நிற்கும். ரோபோ அதுக்குள்ளிருந்து வரட்டும். துணியைச் சுவரில் டேப் போட்டு ஒட்டாதீங்க, பூச்சு பெயரும், ஸ்டாண்டில் கட்டுங்க. கயிற்றில் ஆளைத் தூக்கணும்னா பழைய உத்தரத்தைத் தொடவே கூடாது, தனி ட்ரஸ் (இரும்புச் சட்டகம்) நிறுத்தணும். புகை மெஷின் ஓடினா தரையில் வழுக்குப்படலம் படியும், ஒவ்வொரு டேக்குக்கும் ஈரத்துணியால் துடைங்க. கறை போக ஆசிட் ஊத்திடாதீங்க, சிமெண்ட்டுக் கல், அரிச்சிடும்.

முகப்பு_3:
நிலைக்குப் பின்னால ரெண்டாம்கட்டு (வீட்டோட அடுத்த பகுதி) இருட்டு. துணிக்கு எவ்வளவு வெளிச்சம்?

நிலைவாசல்:
முகத்துக்கு வைக்கிற அளவு, இல்லைன்னா அரை ஸ்டாப் கம்மி. துணிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டியூப் லைட் செங்குத்தா நிறுத்துங்க, சுருக்கம் தெரியாம இழுத்துக் கட்டுங்க.